மணியின் வலிப்பும், நான் நம்பிய தைராய்டு எண்ணும்

என் நாய் மணிக்கு முதல் வலிப்பு வந்தபோது வயது மூன்று. விடியற்காலையில் தரையை நகங்கள் பிறாண்டும் சத்தம் கேட்டு விழித்தேன். கனவில் ஓடுகிறான் என்று நினைத்து விளக்கைப் போட்டுப் பார்த்தால், கழுத்து பின்னுக்கு வளைந்து, தாடை இறுகி, நான்கு கால்களும் தண்ணீரில் நீந்துவது போல அடித்துக்கொண்டிருந்தன. வாயோரம் நுரை. அது ஒன்றரை நிமிடத்தில் அடங்கிவிட்டது என்று பிறகு கணக்கிட்டேன்; அப்போது அது முடிவே இல்லாததாகத் தோன்றியது. அடங்கிய பிறகு அவன் எழுந்து, என்னை அடையாளம் தெரியாதவனைப் போலத் தாண்டிச் சென்று, கதவு திறக்கும் பக்கத்தை விட்டுவிட்டுக் கீல் இருக்கும் பக்கத்தில் தலையை முட்டிக்கொண்டு நின்றான். வீட்டில் நானும் அவனும் மட்டும்தான். யாரிடம் கேட்பது, என்ன கேட்பது என்று எதுவும் தெரியவில்லை. அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டதை, குறிப்பாகத் தைராய்டு விஷயத்தில் நான் இழந்த ஏழு மாதங்களைப் பற்றி, முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆறு வாரத்தில் மூன்று வலிப்புகள் வந்த பிறகு, பக்கத்திலிருந்த கால்நடை மருத்துவர் வலிப்பை அடக்கும் ஃபீனோபார்பிட்டால் மாத்திரையைத் தொடங்கினார். சர்க்கரை, கால்சியம், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனைகள் சரியாகவே இருந்தன. ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் இடையில் தொடங்கி, வேறு காரணம் எதுவும் அகப்படாத வலிப்பு பெரும்பாலும் காரணம் அறிய முடியாத வலிப்பு நோயாகவே இருக்கும் என்று விளக்கினார். மாத்திரை தொடங்கி மூன்று வாரம் கழித்து ரத்தத்தில் அந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தபோது, மில்லிலிட்டருக்கு 22 மைக்ரோகிராம் என்று வந்தது. 15 முதல் 40 வரை பலன் தரும் வரம்பு, 35க்கு மேல் போனால் கல்லீரலுக்கு ஆபத்து கூடும், ஆகவே 22 நல்ல அளவு என்றார். நிம்மதியாக வீடு திரும்பினேன். அந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதி வைத்ததோடு சரி, அடுத்த ஒன்றரை ஆண்டுக்கு அதை மறுபடி பார்க்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. இந்தக் கதையின் வேர் அந்த ஒன்றரை ஆண்டில்தான் இருக்கிறது என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

முதல் எட்டு மாதம் நன்றாகப் போயிற்று. பிறகு ஐந்து வாரத்துக்கு ஒன்று, நான்கு வாரத்துக்கு ஒன்று என்று வலிப்பு திரும்பி வந்தது. ஓர் இரவில் மூன்று முறை வந்தபோது நான் தரையிலேயே உட்கார்ந்து விடியும்வரை அவன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இதற்குள் மணியின் உடம்பும் மாறியிருந்தது. 31 கிலோ இருந்தவன் 37 கிலோவாகிவிட்டான். எந்நேரமும் பசி. எப்போதும் தூக்கம். மேல்தோல் உலர்ந்து, முடி மங்கலாக இருந்தது. எனக்கு இருந்த தவிப்பில் இணையத்தில் தேடினேன். கட்டுப்படாத வலிப்புக்குப் பின்னால் தைராய்டு குறைபாடு ஒளிந்திருக்கலாம் என்று ஒருவர் விடாமல் எழுதியிருந்தார். எடை ஏறுதல், சோம்பல், முடிப் பிரச்சினை, அதனோடு வலிப்பு. மணியைப் பார்த்துவிட்டு எழுதியது போலவே இருந்தது. மருத்துவரிடம் கேட்டேன், அவரும் சரி, பார்த்துவிடலாம் என்றார். டி4 என்னும் தைராய்டு ஹார்மோனின் மொத்த அளவு டெசிலிட்டருக்கு 0.7 மைக்ரோகிராம் என்று வந்தது. அந்த ஆய்வகத்தின் குறைந்தபட்ச வரம்பு 1.0. அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது எனக்கு வந்தது பயம் அல்ல, சந்தோஷம் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கடைசியில் காரணம் கிடைத்துவிட்டது, இதற்கு மாத்திரை இருக்கிறது என்ற சந்தோஷம்.

இந்த இடத்தில் கதையைச் சற்று நிறுத்தி, அன்று எனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். ஃபீனோபார்பிட்டால் எடுக்கும் நாய்களில் டி4 குறைவாக வருவது மிகச் சாதாரணம். அந்த மருந்து கல்லீரலின் நொதிகளைத் தூண்டிவிட்டு, தைராய்டு ஹார்மோன் உடம்பிலிருந்து வேகமாகக் கழிந்துபோகச் செய்கிறது. ஃப்ரீ டி4 என்னும், ரத்தப் புரதங்களோடு ஒட்டாமல் தனியே இருக்கும் பங்கும் சேர்ந்தே குறையலாம். சுரப்பியில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே தாளில் தைராய்டு குறைபாடு என்று தெரியும். இதைவிடக் குழப்பம் என்னவென்றால், பசியையும் எடையையும் தூக்கத்தையும் கூட்டுவது அதே ஃபீனோபார்பிட்டால்தான். ஆக, மருந்தின் பக்கவிளைவும் தைராய்டு குறைபாடும் ஒரே முகத்தோடு எதிரில் வந்து நிற்கின்றன. மருந்து மட்டுமல்ல, வேறு எந்தக் கடும் நோயும் டி4-ஐத் தற்காலிகமாகக் கீழே இறக்கும். ஸ்டீராய்டு மாத்திரைகளும் இறக்கும். சல்ஃபா வகை நுண்ணுயிர்க்கொல்லிகள் ஒருபடி மேலே போய், ஹார்மோன் உற்பத்தியையே சில வாரங்களில் தடுத்துவிடும். கிரேஹவுண்ட் போன்ற வேட்டை இனங்களுக்கு இயல்பிலேயே டி4 குறைவு. எனவே டி4 என்ற ஒற்றை எண் குறைந்திருப்பதை வைத்து மட்டும் ஒரு நாய்க்குத் தைராய்டு நோய் என்று முத்திரை குத்துவது சரியல்ல. அதிலும் வலிப்பு மருந்து எடுக்கும் நாய்க்குக் குத்தவே கூடாது. டி4 நல்ல நடு வரம்பில் வந்தால் தைராய்டு கோளாறு பெரும்பாலும் இல்லை என்று நம்பலாம். குறைந்து வந்தால் அது ஒரு கேள்வி மட்டுமே.

நான் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டேன். தைராய்டு ஹார்மோனை வெளியிலிருந்து தரும் லெவோதைராக்சின் மாத்திரை காலையும் மாலையும் தொடங்கியது. முதல் ஆறு வாரம் வலிப்பே வரவில்லை. மணி மெலிந்தான், துள்ளினான், வாசலில் யார் வந்தாலும் பழையபடி குரைத்தான். எனக்குத் தெரிந்த எல்லாரிடமும் இந்த மாத்திரையைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். ஏழாவது வாரம் வலிப்பு வந்தது. அடுத்த பத்து நாளில் ஒரே நாளில் இரண்டு. இரவில் காரணமில்லாமல் மூச்சிரைத்தான், அறையைச் சுற்றிச் சுற்றி வந்தான், தண்ணீர்ப் பாத்திரத்தை நாளுக்கு நான்கு முறை காலி செய்தான். இந்தத் தைராய்டு மாத்திரை போதவில்லை என்று நானே முடிவு கட்டி, அளவைக் கூட்டும்படி மருத்துவரிடம் வற்புறுத்தினேன். கூட்டினார். உண்மையில் அவையெல்லாம் தைராய்டு ஹார்மோன் மிகுந்துபோனதன் அறிகுறிகள். தைராய்டு நன்றாக இருக்கும் உடம்பிலும் இந்த மாத்திரை வேகத்தைக் கூட்டும், எடையைக் குறைக்கும். அதைக் குணமாகிறான் என்று வாசித்தது என் ஆசையே.

அந்த ஆறு வாரத்து அமைதியும் எதையும் நிரூபிக்கவில்லை. அவனுக்குத் தைராய்டு மாத்திரைக்கு முன்பே ஐந்து வார இடைவெளி பலமுறை வந்திருக்கிறது. வலிப்பு அலைபோல ஏறி இறங்கும் நோய். மிக மோசமான வாரத்தில்தான் நாம் புதிய மருந்தைத் தொடங்குவோம், மோசமான வாரத்துக்குப் பிறகு எதுவும் செய்யாவிட்டாலும் சற்று நல்ல வாரம்தான் வரும். ஒரு மருந்து வேலை செய்கிறது என்று சொல்ல, அதற்கு முன்பிருந்த மிக நீண்ட இடைவெளியைப் போல மூன்று மடங்கு காலம், அதுவும் குறைந்தது மூன்று மாதமாவது வலிப்பு இல்லாமல் கழிய வேண்டும் என்று நரம்பியல் மருத்துவர்கள் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். இதைத் தெரிந்திருந்தால் அவ்வளவு பேரிடம் பெருமை பேசியிருக்க மாட்டேன்.

ஏழாவது மாதத்தில், எட்டு மணி நேரத்துக்குள் நான்கு வலிப்புகள் வந்து மணி இரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்தான். அந்த இரண்டு நாளோடு சேர்த்து என் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் கரைந்துவிட்டது. பணத்தைவிட, அவன் கூண்டுக்குள் என்னைப் பார்த்து வாலை அசைக்காமல் படுத்திருந்ததுதான் இன்னும் உறுத்துகிறது. அங்கிருந்துதான் ஒரு நரம்பியல் நிபுணரிடம் அனுப்பினார்கள். தைராய்டு அறிக்கைகளை ஒரு கட்டாக எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதை ஓரமாக வைத்துவிட்டு, "ஃபீனோபார்பிட்டாலின் அளவை ரத்தத்தில் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" என்று கேட்டார். நான் நோட்டைப் புரட்டினேன். 22 என்ற எண், அதற்குப் பக்கத்தில் 31 கிலோ. அதன் பிறகு ஒரே மாத்திரை அளவு, அதே நேரம், எடை மட்டும் 37. அவர் விரலால் அந்த இரண்டு எடைகளையும் தொட்டுக் காட்டினார், வேறு எதுவும் பேசவில்லை. அன்றே எடுத்த ரத்தத்தில் மருந்து 13 மைக்ரோகிராம்தான் இருந்தது.

அதன் காரணம் எளியது. ஃபீனோபார்பிட்டால் தன்னை அழிக்கும் கல்லீரல் நொதிகளைத் தானே பெருக்கிக்கொள்ளும் மருந்து. தொடங்கிய சில வாரங்கள் கழித்து, அதே மாத்திரை முன்புபோல ரத்தத்தில் தங்காது. அதோடு நாயின் எடை கூடினால், கிலோவுக்குக் கிடைக்கும் பங்கும் குறையும். ஆகவே தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் ஒரு முறை, ஆறு வாரம் போல மறுமுறை, அளவை மாற்றும்போதெல்லாம் இரண்டு மூன்று வாரம் கழித்து, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று பார்க்க வேண்டும். இவ்வளவு தூரம் படித்துப் பார்த்த நான், அடங்காத வலிப்புக்குத் தைராய்டு வரை காரணம் தேடிய நான், முதல் மருந்து போதுமான அளவில் இருக்கிறதா என்ற அடிப்படைக் கேள்வியைக் கேட்கவே இல்லை. மருந்து பலிக்கவில்லை என்று நாம் முடிவு கட்டும் பல நாய்களுக்கு உண்மையில் மருந்தே போதிய அளவில் போய்ச் சேர்வதில்லை. இன்னொரு சிறு விஷயம், எந்த மருத்துவரும் தானாகச் சொல்லவில்லை: இந்தப் பரிசோதனைக்கு ரத்தத்தை ஜெல் உள்ள குழாயில் எடுத்தால், ஜெல் மருந்தை உறிஞ்சிக்கொண்டு அளவைக் குறைத்துக் காட்டலாம். ஜெல் இல்லாத சாதாரணக் குழாயில் எடுக்கச் சொல்ல வேண்டும்.

நிபுணர் தைராய்டை அலட்சியப்படுத்தவில்லை என்பதையும் எழுத வேண்டும். உண்மையான தைராய்டு குறைபாடு நாய்களில் சாதாரணமானதே. நடுத்தர வயதில், கோல்டன் ரெட்ரீவர், டோபர்மேன் போன்ற இனங்களில் அதிகம். அது வலிப்பை உண்டாக்குவது அபூர்வம், ஆனால் நடக்கக்கூடியது. குறைபாடு கடுமையாகி ரத்தத்தில் கொழுப்பு எக்கச்சக்கமாக ஏறினால், ரத்தக்குழாய் அடைத்து மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் போகாமல் வலிப்பு வரலாம். அப்படிப்பட்ட நாய்க்கு வேறு தடயங்களும் இருக்கும்: பட்டினியில் எடுத்த ரத்தத்திலும் கொலஸ்ட்ரால் மிக உயர்ந்திருப்பது, சோகை, மந்தமான இதயத்துடிப்பு, இருபுறமும் ஒரே மாதிரி முடி கொட்டுவது, எலிவால் போல மொட்டையான வால், குளிர் தாங்காமல் சூடு தேடிப் போய்ப் படுப்பது. மணியிடம் இவற்றில் எதுவும் இல்லை. அவன் வால் எப்போதும் அடர்த்தியாகத்தான் இருந்தது. அதைக்கூட நான் அப்போது கவனித்துப் பார்க்கவில்லை.

சந்தேகத்தை நேர்மையாகத் தீர்க்க, லெவோதைராக்சினை நிறுத்திவிட்டு எட்டு வாரம் காத்திருக்கச் சொன்னார். வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டே இருந்தால் சொந்தச் சுரப்பி தூங்கிப்போகும். அது விழிப்பதற்குள் எடுக்கும் பரிசோதனைக்கு அர்த்தமில்லை. ஃபீனோபார்பிட்டாலை நிறுத்திவிட்டுத் தைராய்டைப் பார்த்தால் விடை இன்னும் தெளிவாகுமே என்று நான் கேட்டபோது அவர் முகம் மாறிவிட்டது. அந்த மருந்தைத் திடீரென்று நிறுத்துவதே உயிருக்கு ஆபத்தான தொடர் வலிப்பை அழைத்து வரும். ஓர் எண்ணைச் சரிபார்ப்பதற்காக அதைச் செய்யவே கூடாது. எட்டு வாரம் கழித்து ஒரே ரத்தத்தில் நான்கு விஷயங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்த டி4 0.9, இன்னும் வரம்புக்குச் சற்றுக் கீழே. டயாலிசிஸ் என்னும் ஆய்வக முறையில் அளந்த ஃப்ரீ டி4 வரம்புக்குள், கீழ்க்கோட்டருகே. தைராய்டைத் தூண்டிவிட மூளையடிச் சுரப்பி அனுப்பும் டி.எஸ்.எச். ஹார்மோன் உயரவில்லை. சுரப்பியை உடம்பே தாக்குகிறதா என்று காட்டும் ஆன்டிபாடிகள், அதாவது தைரோகுளோபுலின் என்னும் தைராய்டுப் புரதத்துக்கு எதிரானவை, இல்லை. டி.எஸ்.எச். சரியாக இருப்பது மட்டும் போதாது, ஏனென்றால் உண்மையான தைராய்டு குறைபாடு உள்ள நாய்களில் கணிசமானவற்றுக்கு அது உயர்வதில்லை. ஆன்டிபாடிகள் இல்லாததும் தனியாக எதையும் முடிவாகச் சொல்லாது. எல்லாவற்றையும் சேர்த்து, நாயின் உடம்பையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சேர்த்துப் பார்த்தபோது மணிக்குத் தைராய்டு நோய் இல்லை, மருந்து டி4-ஐக் கீழே இழுத்திருக்கிறது என்பதே பொருத்தமான விடையாக இருந்தது.

நாயின் வலிப்புக்குச் சிகிச்சையைத் தொடங்கும் நிலையில் இருப்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டுமென்றால், வலிப்பு மருந்தின் முதல் மாத்திரைக்கு முன்பே தைராய்டையும் பார்த்துவிடுங்கள் என்பேன். மற்றப் பரிசோதனைகளுக்கு எடுக்கும் ரத்தத்திலேயே அதையும் சேர்த்துக்கொள்ளலாம். கடுமையான தொடர் வலிப்பு முடிந்த மறுநாள் எடுத்தால் மட்டும் நோயின் தாக்கத்தால் டி4 குறைந்து காட்டலாம் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் சந்தேகம் வரும்போது ஒப்பிட ஓர் அடிப்படை எண் கையில் இருக்கும். எனக்கு அது இல்லாததால், மருந்துக்கு முன் மணியின் டி4 எவ்வளவு என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. தைராய்டு குறைபாடு உண்மையாகவே உறுதியானால் லெவோதைராக்சின் கொடுப்பதில் தயங்கவும் கூடாது. அதன் அளவைப் பார்த்து மருந்துக்கடையில் திகைப்பார்கள். நாயின் குடல் இதைக் குறைவாகவே உறிஞ்சும், ஹார்மோனும் நாயின் உடம்பில் வேகமாகக் கழியும் என்பதால் மனிதர்களைவிடக் கிலோவுக்குப் பன்மடங்கு தேவைப்படும். தினமும் உணவுக்கு முன்போ பின்போ, ஏதேனும் ஒரே முறையில் கொடுத்து வர வேண்டும். சில வாரங்கள் கழித்து மாத்திரை கொடுத்த நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். இந்தப் பின்தொடர்தலும் எனக்கு நடக்கவில்லை. நடந்திருந்தால் மூச்சிரைப்புக்குக் காரணம் முதல் மாதத்திலேயே தெரிந்திருக்கும்.

வலிப்பைப் பற்றி நடைமுறையாக மூன்று விஷயங்கள் எனக்கு உயிர் காத்தன. முதலாவது, கடிகாரம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, ஒரு நாளில் இரண்டு மூன்று முறை வந்தாலோ காத்திருக்கக் கூடாது, உடனே கிளம்ப வேண்டும். அதற்காக மருத்துவர் ஆசனவாய் வழியோ மூக்கு வழியோ கொடுக்கும் அவசர மருந்தை எழுதித் தந்தால் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இரண்டாவது, வாய்க்கு அருகில் கையைக் கொண்டுபோகாதீர்கள். வலிப்பில் நாய்கள் நாக்கை விழுங்குவதில்லை, நம் விரல்தான் போகும். மூன்றாவது, கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். நிபுணர் என் விவரிப்பைவிட அந்த முப்பது விநாடிகளைத்தான் உன்னிப்பாகப் பார்த்தார்.

ஃபீனோபார்பிட்டாலைக் கூட்டி மூன்று வாரத்தில் ரத்த அளவு 26 ஆனது. வலிப்பு குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. ஆகவே பொட்டாசியம் புரோமைடு என்னும் இன்னொரு வலிப்பு மருந்தும் சேர்ந்தது. இந்த மருந்து உடம்பை விட்டுப் போக நாள்பட ஆகும், ரத்தத்தில் நிலைப்படவே சுமார் மூன்று மாதம் பிடிக்கும். உணவின் உப்பு கூடினால் அது வேகமாகக் கழியும், குறைந்தால் சேரும். அதனால் மணியின் உணவை அவ்வளவு எளிதில் மாற்றுவதில்லை. முதல் மாதங்களில் பின்னங்கால் தள்ளாடி, படி ஏறத் தயங்கினான், பிறகு பழகிவிட்டான். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு வலிப்பு, சில சமயம் அதற்கும் அதிக இடைவெளி. வலிப்பு முழுவதும் நின்றுவிடும் என்று யாரும் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை, நானும் இப்போது கேட்பதில்லை. கணிசமான நாய்களுக்கு இரண்டு மருந்துகளுக்குப் பிறகும் வலிப்பு முற்றிலும் அடங்குவதில்லை.

அடுத்த ரத்தப் பரிசோதனைக்கான நாள் குறித்தாகிவிட்டது. நோட்டின் அட்டையில் ஒரு துண்டுத்தாளை ஒட்டி, எடை, மருந்தின் அளவு, ஜெல் இல்லாத குழாய் என்று எழுதி வைத்திருக்கிறேன். போன வாரம் மணி அந்த அட்டையின் ஒரு மூலையைக் கடித்துத் தின்றுவிட்டான். எடை என்ற சொல் பாதி போய்விட்டது. மற்ற இரண்டும் தப்பித்தன.